டேப்பில் இருப்பதைத்தான் வாசிக்கிறேன், பாட்டு மட்டும் வரவில்லை: பேஸ் கிட்டாருக்கு அறிகுறி வாரியாக ஒரு பிழைநீக்கம்

பேஸ் கிட்டார் வாங்கி இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். யாரோ எழுதிவைத்த டேப்பை, அதாவது கம்பிக்கு ஒரு கோடு போட்டு, எந்த ஃப்ரெட்டில் (கழுத்தில் உலோகப் பட்டைகள் பிரிக்கும் கட்டம்) அழுத்த வேண்டும் என்று எண்ணால் காட்டும் குறிப்பை, திரையில் திறந்து, எண் எண்ணாக அழுத்திப் பார்த்திருப்பீர்கள். சில ராக் பாட்டுகள் வந்திருக்கும், பல வந்திருக்காது. வராதவற்றில் கோளாறு எங்கே என்று தெரியாமல் விரலைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். நானும் ஒன்றரை வருடம் விரலைத்தான் திட்டினேன். பாதிக்கு மேல் விரலின் குற்றமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு இருக்கும் தொல்லை எதுவோ அங்கே போங்கள். அதற்கு முன் ஒரே ஒரு வேலை: பாட்டை ஓடவிட்டு, கூடவே வாசித்து, அரை நிமிடம் போனில் பதிவு செய்து கேளுங்கள். வாசிக்கும்போது நம் காது நமக்குச் சாதகமாகவே தீர்ப்பு சொல்லும். பதிவு அப்படிச் சொல்லாது.

“முதல் நோட்டிலேயே வேறு பாட்டாக இருக்கிறது”

தாளைத் தலைகீழாகப் படிக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். சிரிக்க வேண்டாம், எல்லோரும் ஒரு முறை செய்வதுதான். பேஸ் டேப்பில் நான்கு கோடுகள். மேலே ஜி, அடுத்து டி, அதற்கடுத்து ஏ, அடியில் ஈ. ஆனால் கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றால் தடித்த ஈ கம்பிதான் மேலே இருக்கிறது. குழப்பம் அங்கேதான் ஆரம்பம். கிட்டாரை மடியில் வைத்துக் குனிந்து பாருங்கள். தடித்த கம்பி உங்கள் பக்கம், மெல்லிய கம்பி அந்தப் பக்கம். தாளும் அதே கோணம்தான்.

கோடுகள் ஆறு இருந்தால் அது சாதாரண கிட்டாருக்கு எழுதியது. கவலையில்லை. அதன் அடி நான்கு கோடுகளும் ஈ, ஏ, டி, ஜி தான். பேஸ் அதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும், அவ்வளவே வித்தியாசம். ஒன்றின் மேல் ஒன்றாக எண்கள் அடுக்கியிருந்தால் அது கார்டு, பல நோட்டுகள் ஒன்றாக ஒலிப்பது. அடியில் இருக்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் பாட்டு நகர்ந்துவிடும்.

ஐந்து கோடுகள் இருந்தால் அடிக்கோடு பி கம்பி. உங்களிடம் இருப்பது நான்கு கம்பி பேஸ் என்றால், பி கோட்டில் உள்ள எண்ணிலிருந்து ஐந்தைக் கழித்து ஈ கம்பியில் வாசியுங்கள். பி கோட்டில் உள்ள எண்ணே ஐந்துக்குக் குறைவு என்றால் ஈ கம்பியில் இடம் இல்லை. அந்த எண்ணோடு இரண்டைக் கூட்டி ஏ கம்பியில் வாசியுங்கள். ஒரு ஸ்தாயி மேலே போகும், ஆனால் தப்பாக இருக்காது.

“தனியாக வாசித்தால் சரி, பாட்டோடு சேர்த்தால் சுருதி இடிக்கிறது”

இந்த ஒன்றுக்காக எத்தனை பேர் கிட்டாரை விற்றிருப்பார்களோ. சோதனை எளிது. பாட்டின் முதல் நோட்டு ஒலிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். நீங்கள் அழுத்தும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டாக மேலும் கீழும் நகர்ந்து, எங்கே பாட்டோடு ஒட்டுகிறது என்று பாருங்கள். எத்தனை ஃப்ரெட் தள்ளி ஒட்டுகிறது என்ற எண்ணிக்கையில்தான் விடை இருக்கிறது.

ஒரு ஃப்ரெட் கீழே ஒட்டினால், இசைக்குழு கம்பிகள் எல்லாவற்றையும் அரைச் சுரம் இறக்கி வைத்திருக்கிறது. ராக்கில் இது சர்வ சாதாரணம். கன்ஸ் அண்ட் ரோசஸின் 1987 ஆல்பம் முழுக்க இந்தக் கணக்குதான். இரண்டு ஃப்ரெட் கீழே என்றால் முழுச் சுரம் இறக்கியது. நிர்வாணாவின் ‘கம் ஆஸ் யூ ஆர்’ அந்த வகை. டேப்பின் தலையில் இதைச் சின்னதாக எழுதியிருப்பார்கள். நாம்தான் நேராக முதல் எண்ணுக்குத் தாவிவிடுகிறோம்.

எல்லா நோட்டும் ஒட்டுகிறது, அடிக் கம்பி வரும் இடம் மட்டும் இரண்டு ஃப்ரெட் இடிக்கிறது என்றால் அது ட்ராப் டி. ஈ கம்பியை மட்டும் டி வரைக்கும் இறக்க வேண்டும். ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷினின் ‘கில்லிங் இன் தி நேம்’ இப்படித்தான். இறக்கியதைச் சரிபார்க்க ட்யூனர்கூட வேண்டாம், திறந்த (எங்கும் அழுத்தாத) டி கம்பியோடு சேர்த்து மீட்டினால் ஸ்தாயி பொருந்துவது காதுக்கே தெரியும்.

கம்பியை இறக்கும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: வேண்டியதைவிடக் கொஞ்சம் கீழே போய், பிறகு மேலே ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி அப்படியே விட்டால், முடுக்காணியில் மீதமிருக்கும் தொய்வு இரண்டாவது நிமிடத்தில் சுருதியைக் கெடுத்துவிடும்.

எந்த ஃப்ரெட்டிலும் ஒட்டவில்லை, இரண்டு ஃப்ரெட்டுக்கும் நடுவே எங்கேயோ நிற்கிறது என்றால் தப்பு உங்களிடம் இல்லை. பழைய ரெக்கார்டிங்குகளில் ஒலிநாடாவின் வேகத்தை மாற்றியிருப்பார்கள். பீட்டில்ஸின் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ இதற்குப் பேர்போன உதாரணம். வேறு வேறு சுருதியிலும் வேகத்திலும் இருந்த இரண்டு பதிவுகளை, நாடா வேகத்தை மாற்றி ஒன்றாக ஒட்டினார்கள். முடிவில் பாட்டு ஏ-வுக்கும் பி ஃப்ளாட்டுக்கும் நடுவே நின்றுவிட்டது. இதற்காகக் கிட்டாரைத் திருகிக்கொண்டிருக்காதீர்கள். ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருளில் பாட்டின் சுருதியைக் கொஞ்சம் நகர்த்தி, அந்தப் பதிப்போடு பழகுங்கள்.

இத்தனைக்கும் முன் உங்கள் ட்யூனிங் சரியா? பேஸின் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ் சுமாரில் அதிர்வது. போன் மைக் அவ்வளவு கீழே தடுமாறும், முள் ஆடிக்கொண்டே இருக்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் உலோகப் பட்டைக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டு, மீட்டிவிட்டு விரலை எடுங்கள். மணி மாதிரி ஒரு ஹார்மோனிக் வரும், ஒரு ஸ்தாயி மேலே. அதை ட்யூனர் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

“நோட்டு எல்லாம் சரி, ஆனாலும் அந்தப் பாட்டு மாதிரியே இல்லை”

வந்து சேர்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு உண்மையான நோய் இதுதான். மற்றவை எல்லாம் தலைவலி, ஜலதோஷம்.

டேப் இடத்தைச் சொல்லும். நேரத்தைச் சொல்லாது. ஏழாம் ஃப்ரெட் என்று எழுதியிருக்கும், எவ்வளவு நேரம் ஏழு என்று இருக்காது. வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவில் லூட் என்ற பழைய நரம்புக் கருவியை வாசித்தவர்கள் 1500களின் தொடக்கத்திலேயே டேப் புத்தகங்கள் அச்சிட்டார்கள். 1507இல் வெனிஸில் வெளிவந்த தொகுப்பே இருக்கிறது. அவர்கள் கோடுகளுக்கு மேலே தாளக் குறிகளையும் போட்டார்கள். இன்று தட்டச்சு செய்து பரப்பும் டேப்பில்தான் அந்தக் குறிகள் காணாமல் போய், வெறும் எண்ணும் சிறு கோடுகளும் மிஞ்சின.

கண்முன் வைத்துப் பார்ப்போம். தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் ‘செவன் நேஷன் ஆர்மி’, 2003. கால்பந்து மைதானங்களில் கூட்டம் கூட்டமாக முழங்கும் அதே ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டு. ஏ கம்பி ஒன்றே போதும்:

ஜி |--------------------|----------|
டி |--------------------|----------|
ஏ |-7------7--10--7--5--|-3-----2--|
ஈ |--------------------|----------|

ஏழு எண்கள்தான். இதைச் சம இடைவெளி விட்டு வாசித்துப் பாருங்கள், ஒருவருக்கும் அடையாளம் தெரியாது. உண்மையில் முதல் ஏழு ஒன்றரை அடி (தாளத் தட்டு) நிற்கிறது. இரண்டாவது ஏழு அரை அடி. அடுத்த மூன்று நோட்டுகளும் சேர்ந்து இரண்டு அடிக்குள் திணிக்கப்படுகின்றன. கடைசி மூன்றும் இரண்டும் ஆளுக்கு இரண்டு அடி. பாட்டின் உயிர் அந்த மூன்று நோட்டுத் திணிப்பில்தான் இருக்கிறது. அதைக் காட்ட டேப்பில் ஒரு புள்ளிகூட இல்லை.

நான் செய்யும் சிகிச்சை இது. முதலில் கிட்டாரைக் கீழே வையுங்கள். ரிஃப்பை வாயால் சொல்லுங்கள், ‘டூம்’ என்றோ ‘தம்’ என்றோ. காலால் அடி போட்டுக்கொண்டே வாயால் சரியாக வரும்வரை கருவியைத் தொடாதீர்கள். பிறகு எல்லாக் கம்பிகளையும் இடது கையால் மூடிவிட்டு, வலது கையால் அதே தாளத்தை வெறும் ‘டக் டக்’ என்று தட்டுங்கள். கடைசியில்தான் ஃப்ரெட். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து நான் வீணடித்த நாட்கள் கொஞ்சநஞ்சமல்ல.

கர்நாடக சங்கீதமோ மிருதங்கமோ கொஞ்சம் காதில் விழுந்தவர்களுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. ஓர் அடிக்குள் நான்கு நோட்டு வந்தால் ‘தகதிமி’, மூன்று வந்தால் ‘தகிட’, இரண்டு வந்தால் ‘தக’. அடிக்குத் தள்ளி வரும் நோட்டு என்றால் ‘தக’வில் ‘த’வை மனதுக்குள் சொல்லி ‘க’வில் மீட்டுங்கள். மேலே சொன்ன ரிஃப்பில் 10, 7, 5 வரும் இடத்தை, இரண்டு அடிக்குள் நிதானமாக ஒரு ‘தகிட’ சொல்லிப் பிடித்தால் காரியம் முடிந்தது. ‘ஒன் அண்ட் டூ அண்ட்’ என்று எண்ணுவதைவிட இது என் வாய்க்குச் சுலபமாக இருக்கிறது.

பிங்க் ஃபிளாய்டின் 1973 பாட்டு ‘மணி’யை எடுத்தவர்களுக்கு வேறு ஒரு வியாதி வரும். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும், இரண்டாவது சுற்றில் ட்ரம்ஸ் முந்திப் போய்விடும். நீங்கள் எட்டு என்று எண்ணுகிறீர்கள், பாட்டு ஏழில் சுற்றுகிறது. மூன்றும் நான்குமாகப் பிரித்து ‘தகிட தகதிமி’ என்று மிச்ர சாபு போடுகிற கணக்கில், ஓர் எழுத்துக்கு ஓர் அடியாக எண்ணுங்கள். ரிஃப்பும் அதே இடத்தில்தான் மடங்குகிறது: முன் மூன்றில் துள்ளல், பின் நான்கில் அடிக்கு ஒரு நோட்டாக நடை. கிட்டார் சோலோ வரும்போது பாட்டு நாலடிக்கு மாறிவிடும், அங்கே ஏமாந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, நோட்டு எங்கே முடிகிறது என்பது. மொட்டை மாடி அறையில் ஒரு முறை பயிற்சி செய்துகொண்டிருந்தபோது ட்ரம்ஸ் வாசித்த நண்பன் குச்சியைக் கீழே போட்டுவிட்டான். “மச்சி, நோட்டு ஒண்ணும் தப்பு இல்ல. நீ எப்ப நிறுத்துறன்னுதான் எனக்குத் தெரியல” என்றான். நான் எந்த நோட்டையும் நிறுத்தவே இல்லை. ஒவ்வொன்றும் அடுத்த நோட்டு வரை இழுத்துக்கொண்டே இருந்தது. கிக் ட்ரம்மோடு தொடங்கி, ஸ்னேர் விழும் இடத்தில் அறுத்து நிறுத்தச் சொன்னான். அதே எண்கள்தான். முதன்முறையாகப் பாட்டு ராக் மாதிரி ஒலித்தது. டேப்பில் மௌனத்துக்கு எண் கிடையாது. அதைக் காதால் எடுத்து நீங்களே தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். நான் ஒரு சிவப்புக் கோடு போடுவேன்.

“ஒரு கம்பியைத் தொட்டால் மற்றதெல்லாம் முனகுகிறது”

ஈ கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட்டை அழுத்தி மீட்டி, சட்டென்று விரலை எடுத்து அடக்குங்கள். இன்னும் ஏதோ ஒலிக்கிறதா? அது ஏ கம்பி. நீங்கள் தொடவே இல்லை, அதே சுருதி என்பதால் தானாக அதிர்கிறது. அறையில் தனியாக வாசிக்கும்போது இது இனிமையாகக்கூடத் தோன்றும். ஆம்ப்பில் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) சத்தம் வைத்தால் சேறு.

பேஸில் வாசிப்பது பாதி வேலை, அடக்குவது மீதி. வலது கைக் கட்டைவிரலை ஒரே இடத்தில் ஊன்றிவிடாதீர்கள். ஏ கம்பியில் வாசிக்கும்போது கட்டைவிரல் ஈ மேல் படுத்திருக்கட்டும். டி-க்குப் போனால் கட்டைவிரல் ஏ மேல் நகர்ந்து, அதன் பக்கவாட்டுச் சதை ஈ-யைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். மீட்டிய விரல் அடுத்த தடித்த கம்பியில் மோதி நிற்பது தானாகவே ஒரு அடக்கல். மெல்லிய கம்பிகளை இடது கை விரல்களின் தட்டையான அடிப்பகுதி பார்த்துக்கொள்ளும். ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு கை மறந்துவிடும்.

“கிர்ர் என்று உலோகச் சத்தம்”

முதலில், ஆம்ப்பில் அந்தச் சத்தம் கேட்கிறதா? கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ராக் பேஸில், அதுவும் பிக்கால் அடிக்கும்போது, கொஞ்சம் கிர்ர் அழகுதான்.

ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால் உங்கள் விரல் பட்டையிலிருந்து தள்ளி அழுத்துகிறது. பட்டைக்கு ஒட்டினாற்போல் பின்னால் அழுத்துங்கள். அப்படியும் போகவில்லை என்றால் அதற்கு அடுத்த பட்டை மேலெழும்பியிருக்கலாம். அது கடைக்காரர் வேலை.

திறந்த கம்பியிலும் முதல் நாலைந்து ஃப்ரெட்டிலும் மட்டும் கிர்ர் என்றால் கழுத்து மிகவும் நிமிர்ந்துவிட்டது, அல்லது பின்பக்கம் வளைந்துவிட்டது. ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழெட்டாம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் பட்டைக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று பாருங்கள். சுமார் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் ஆரோக்கியம், ஒரு விசிட்டிங் கார்டு தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடமே இல்லை என்றால் ட்ரஸ் ராடை, அதாவது கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டை, தளர்த்த வேண்டும். கார்டு தொளதொளவென்று ஆடினால் இறுக்க வேண்டும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பிவிட்டு அன்றைக்கு அப்படியே விட்டு, மறுநாள் பாருங்கள். சாவி முரண்டு பிடித்தால் பலம் காட்டாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். ராட் உடைந்தால் கழுத்தே போச்சு.

மேல் ஃப்ரெட்டுகளில் மட்டும் என்றால் பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டான சேடில் தாழ்ந்திருக்கிறது, கொஞ்சம் உயர்த்துங்கள். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில், ஐப்பசி மழையில் ஊறிய மரமும் சித்திரை வெயிலில் காய்ந்த மரமும் ஒரே மாதிரி நிற்காது. வருடத்துக்கு இரண்டு முறை இந்தக் கார்டுச் சோதனை நியாயமான செலவு.

“வாசிக்காதபோதும் ஆம்ப் உர்ர் என்கிறது”

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட் ஜி நோட்டு 49. கிட்டத்தட்ட பக்கத்து வீடு. எதையும் தொடாமல் இருக்கும்போதே ட்யூனர் ஜி என்று காட்டினால், அது ட்யூன் செய்வது மின்வாரியத்தை.

கம்பியைத் தொட்டதும் உர்ர் குறைந்தால் அது வழக்கமானதுதான். ஜாஸ் பேஸ் வகை என்றால் இரண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) திருகுகளையும் முழுதாகத் திறந்து பாருங்கள், ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடித்துவிடும். 1957க்குப் பிந்தைய பிரிசிஷன் பேஸ் வடிவம் என்றால் பிளந்த பிக்கப்பே இரைச்சலை அடக்கும் அமைப்பு. அதில் உர்ர் வந்தால் கேபிளையோ எர்த்தையோ சந்தேகியுங்கள். மூன்று பின் ப்ளக்கை இரண்டு பின் அடாப்டரில் சொருகியிருந்தால் உடனே மாற்றுங்கள். தொடும்போது விரலில் சுருக்கென்று இருந்தால் வாசிப்பை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். டேப்பெல்லாம் அப்புறம்.

“வேகம் வரவில்லை, கை வலிக்கிறது”

வழக்கமான 34 அங்குல பேஸில் முதல் நான்கு ஃப்ரெட்டுகளின் நீளம் சுமார் 178 மில்லிமீட்டர். அதுவே ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 112 தான். அப்படியிருக்க, கீழேயும் ‘விரலுக்கு ஒரு ஃப்ரெட்’ என்று நீட்டிப் பிடிப்பது ஏன்? முதல் ஐந்து ஃப்ரெட் பகுதியில் டபுள் பேஸ்காரர்கள் செய்வதுபோல ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்களை மட்டும் வைத்து மூன்று ஃப்ரெட்டைப் பிடியுங்கள், மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணை நிற்கட்டும். நாலாவது ஃப்ரெட் வேண்டும் என்றால் கையையே நகர்த்துங்கள். நீட்டுவதைவிட நகர்த்துவது வேகம்.

எவ்வளவு அழுத்த வேண்டும் என்று தெரியவில்லையா? கம்பியை வெறுமனே தொட்டுக்கொண்டு மீட்டிக்கொண்டே இருங்கள், மெதுவாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். ‘டக்’ என்பது ‘டூம்’ ஆகும் நொடி வரும். அதற்கு மேல் கொடுக்கும் பலமெல்லாம் வீண். நான் அதைப்போல மூன்று மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மணிக்கட்டில் மரத்துப்போகும் உணர்வோ குத்தலோ வந்தால் அன்றைய பயிற்சி முடிந்தது. நாலு நாள் விட்டும் போகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

டேப்பில் போட்ட இடம் சட்டமல்ல என்பதும் நினைவிருக்கட்டும். ஏ கம்பி 7, டி கம்பி 2, ஈ கம்பி 12, மூன்றும் ஒரே நோட்டு. குரல்தான் மாறும்: தடித்த கம்பியில் மேலே வாசித்தால் உருண்டையாக, மெல்லிய கம்பியில் கீழே வாசித்தால் கூர்மையாக. எழுதியவருக்கு எது கைவாகாக இருந்ததோ அதை எழுதியிருக்கிறார். மேடையில் வாசிப்பதைப் பார்க்கும் வீடியோ கிடைத்தால் இசைக்கலைஞரின் இடது கை எங்கே நிற்கிறது என்று பாருங்கள், பாதிச் சண்டை தீரும்.

வேகத்துக்கு மெட்ரோனோம்தான். பாட்டின் வேகத்தில் அறுபது சதவீதத்தில் தொடங்குங்கள், ஐந்து முறை பிசிறில்லாமல் வந்தால் ஐந்து கூட்டுங்கள். இதில் சொல்ல வேறு ரகசியம் எதுவும் இல்லை.

“பாட்டில் பேஸ் எங்கே இருக்கிறது என்றே கேட்கவில்லை”

போன் ஸ்பீக்கரில் கேட்கிறீர்கள். அவ்வளவு சின்ன ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸைத் தராது. மேலே உள்ள உபசுரங்களை வைத்து மூளை ஊகித்துக்கொள்கிறது. ஹெட்போன் போடுங்கள். அப்படியும் மங்கலாக இருந்தால் மென்பொருளில் பாட்டை ஒரு ஸ்தாயி ஏற்றுங்கள். பாடகர் அணில் மாதிரிக் கத்துவார், ஆனால் பேஸ் கிட்டார் சாதாரண கிட்டார் இருக்கும் இடத்துக்கு வந்து பளிச்சென்று நிற்கும்.

இளையராஜா பாட்டுகளோடு வளர்ந்தவர்கள் பேஸ் கோட்டை முணுமுணுக்கத் தெரிந்தவர்கள்தான், நமக்கே அது தெரிவதில்லை. அந்தக் காதை ராக் பக்கம் திருப்பினால் போதும். ஒரு எச்சரிக்கை: ராக்கில் பல சமயம் பேஸ், கிட்டார் வாசிப்பதையே கீழ் ஸ்தாயியில் வாசித்து அதற்குள் ஒளிந்துகொள்ளும். தனியாகத் தேடினால் கிடைக்காது. கோரஸ் முடிந்து கிட்டார் ஓயும் இரண்டு விநாடியில் பிடியுங்கள்.

“இரண்டு டேப் இரண்டு விதமாகச் சொல்கிறது”

இரண்டுமே யாரோ காதால் கேட்டு எழுதியவை. நட்சத்திர எண்ணிக்கையை நம்பாதீர்கள், பாட்டு பிரபலமாக இருந்தால் தப்பான டேப்புக்கும் நட்சத்திரம் கொட்டும். கருத்து வேறுபடும் அந்த ஒரே வரியை மட்டும் பாதி வேகத்தில் ஓடவிட்டு இரண்டையும் வாசித்துப் பாருங்கள். அடி ஒன்றில், கார்டு மாறும் நொடியில், எது ஒட்டுகிறது என்று பார்த்தாலே தீர்ந்துவிடும்.

சில சமயம் பாட்டில் பேஸே இருக்காது. நாம் மேலே பார்த்த ‘செவன் நேஷன் ஆர்மி’யில் அந்த ரிஃப் பேஸ் கிட்டார் அல்ல. ஜாக் ஒயிட் சாதாரண கிட்டாரை ஒரு பெடலால் ஒரு ஸ்தாயி இறக்கி வாசித்தது. உங்கள் பேஸில் அதே குரல் வரவில்லை என்று ஆம்ப் திருகுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் இதுதான் காரணம்.

“எண்ணுக்கு நடுவே எழுத்துகள் வருகின்றன”

எச் என்றால் முதல் நோட்டை மட்டும் மீட்டி, இரண்டாவதை இடது விரலால் சுத்தியல் மாதிரி அடித்து எழுப்புவது. சாய்கோடு என்றால் விரலை எடுக்காமல் சறுக்குவது. எக்ஸ் என்றால் அடக்கிய கம்பியில் வெறும் தட்டு. அடைப்புக்குறிக்குள் எண் இருந்தால் மெலிதாக வாசிப்பது, அல்லது முன் நோட்டையே நீட்டுவது. எது என்பதை எழுதியவர்தான் சொல்ல வேண்டும். பி (p) மட்டும் ஆபத்தானது. இரண்டு எண்ணுக்கு நடுவே வந்தால் விரலை இழுத்து விடுவது. கோடுகளுக்குக் கீழே எஸ், பி என்று மாறி மாறி வந்தால் அது ஸ்லாப் வாசிப்பு, அங்கே பி என்பது கம்பியைக் கொக்கி போட்டு இழுத்துச் சுண்டுவது. இதைக் குழப்பிக்கொண்டு ஒரு மாதம் திண்டாடிய ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும், கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

“டேப்பை மூடினால் எல்லாம் மறந்துபோகிறது”

முதல் வரியிலிருந்தே ஒவ்வொரு முறையும் தொடங்குகிறீர்கள், அதனால் முதல் வரி நூறு தடவையும் கடைசி வரி மூன்று தடவையும் வாசித்திருப்பீர்கள். தலைகீழாக மாற்றுங்கள். கடைசி நான்கு பார் (தாளச் சுற்று) முதலில். அது வந்ததும் அதற்கு முந்தைய நான்கைச் சேர்த்து முடிவு வரை. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால், வாசிக்க வாசிக்கத் தெரிந்த இடத்தை நோக்கிப் போவீர்கள், பயம் இருக்காது.

எண்களை மனப்பாடம் செய்யாதீர்கள். ‘இங்கே ஈ, இங்கே ஜி, பாடகர் இந்த வார்த்தையில் வரும்போது ஏ’ என்று நோட்டின் பெயரோடும் பாட்டின் வரியோடும் கட்டி வையுங்கள். பிறகு திரையை அணைத்துவிட்டு, பேஸையும் எடுக்காமல், பேருந்தில் உட்கார்ந்து பாட்டைக் கேட்டபடியே இடது கை விரலைத் தொடை மேல் ஓட்டிப் பாருங்கள். எங்கே விரல் தயங்கி நிற்கிறதோ, இன்று இரவு அந்த இரண்டு பாரை மட்டும் எடுங்கள்.